குதிரையின் மூக்கு மார்புக்குள்ளா, முன்னாலா?

குதிரையை நுணுக்கமான நடைகளுக்குப் பழக்கி ஓட்டுகிற டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றக் கலையைப் பழகுகிறவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. லகானை இழுத்து, தாடை மார்பை உரசும் அளவுக்குக் குதிரையின் கழுத்தை உருட்டி ஓட்டுவதா, அல்லது முகம் செங்குத்துக்குச் சற்று முன்னால் இருக்கும்படி விட்டு ஓட்டுவதா? முதலாவதற்கு ரோல்கூர் என்று பெயர். ஜெர்மனியில் ஒரு லாயத்தில் மாதப் பணம் கட்டிப் பங்குக்கு ஏறுகிற குதிரையிடம் இரண்டையும் பார்த்தாயிற்று. நான் இரண்டாவது கட்சி.

ரோல்கூரின் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முரட்டுக் குதிரையும் கைக்குள் அடங்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். அந்த முறையை வெளிப்படையாக ஆதரித்த நெதர்லாந்தின் அங்கி வான் க்ருன்ஸ்வென் 2000, 2004, 2008 என மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வாங்கினார். பதக்கம் கிடைக்காது என்று யாரும் வாதாட முடியாது. முன்னால் இருப்பது சரியாகத் தெரியாமல் போவதும், பிடரியில் மடங்க வேண்டிய கழுத்து நடுவில் மடங்குவதும் பலரும் பேசிவிட்ட குறைகள்.

எனக்குத் தீர்ப்பைச் சொன்னது மூச்சு. குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது; மூக்கு ஒன்றுதான் வழி. கேன்டர் என்கிற மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் கால்களோடு சேர்ந்தே நுரையீரல் இயங்குகிறது. தாடையை உள்ளே மடக்கினால் தொண்டைப் பகுதி நெருங்கிக் காற்றுப் பாதை குறுகும். நம்மைப் போல வாயைப் பிளந்து ஈடுகட்ட அதற்கு வழியில்லை. எங்கள் குதிரையை மடக்கி ஓட்டிய நாட்களில் நாசித் துவாரம் விரிந்து, உள்ளே சிவப்புத் தெரியும். கேன்டரில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், வால் ஓயாமல் சுழலும். லகானைத் தளர்த்தி, கழுத்தை முன்னும் கீழுமாக நீட்ட விட்டால் இரண்டே சுற்றில் புர்ரென்று மூக்கைச் சீறிவிட்டு நடை மாறிவிடும்.

குதிரையையே கேட்டுப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. 2009-ல் வெளியான அதில், இரட்டைப் பாதையில் ஒரு பக்கம் போனால் ரோல்கூர், மறு பக்கம் போனால் சாதாரணப் பிடி என்று 15 குதிரைகளைப் பழக்கினார்கள். பிறகு தேர்வை அவற்றிடமே விட்டபோது, 14 குதிரைகள் சாதாரணப் பிடியின் பக்கமே அதிகம் போயின. மறு ஆண்டு, சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் பலவந்தமாகக் கழுத்தை மடக்குவதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. பலவந்தம் இல்லாமல் தாழ்த்தி வளைப்பதை மட்டும் அனுமதித்தது. இரண்டுக்கும் கோடு எங்கே? மைதான ஓரத்தில் நிற்கிறவர் கண்ணில்தான். அது எனக்கு ஒப்பவில்லை.

சரி, என் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது. தலையை நீட்ட விட்டுவிட்டுக் காலால் உந்தாமல் உட்கார்ந்திருந்தால் குதிரை முன்னங்காலில் சரியும். ஏற்கெனவே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. தலையைத் தூக்கி முதுகைக் குழித்து ஓடுவதும் நல்லதல்ல. பொறுமையும் வேண்டும்; ஆரம்பத்தில் குதிரை லகானில் சாய்ந்து நம் தோளை வாங்கிவிடும். பியாஃபே (நின்ற இடத்திலேயே கால் தூக்கி நடப்பது) போன்ற உயர்நிலைப் பயிற்சிகளுக்கு நான் போனதில்லை, அங்கே என்ன நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், எந்த முறையானாலும் ஏறுவதற்கு முன் மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். இறுக்கிக் கட்டியிருந்தால் குதிரை வாயைத் திறந்து எதிர்ப்புக்கூடக் காட்ட முடியாது. அதைப் பார்த்து ‘அமைதியான குதிரை’ என்று நினைத்துக்கொள்வோம்.