ஒரே செடியில் ஐந்து நிறம்: ஒட்டுக் காகிதப்பூவை நம்பி வாங்கலாமா?

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மற்ற செடியெல்லாம் துவண்டு கிடக்கும்போது, நிறத்தைக் கொட்டிக்கொண்டு நிற்பது காகிதப்பூதான். போகன்வில்லா என்று சொன்னால்தான் நர்சரியில் புரியும். இப்போது ஒரே தண்டில் நாலைந்து நிறங்களை ஒட்டுக்கட்டித் தொட்டியோடு விற்கிறார்கள். ஒற்றை நிறக் கன்றைப்போலப் பல மடங்கு விலை. நல்ல செடியாக அமைந்தால் அந்த விலை தகும். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கக் கை நடுங்குகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். கவாத்து இல்லாமல் விட்டால், இரண்டு வருடத்தில் ஐந்து நிறமும் போய் ஒரே மெஜந்தாப் புதராகிவிடும்.

காரணம் அடித்தண்டில் இருக்கிறது. வேர் தருவது பெரும்பாலும் முரட்டு மெஜந்தா ரகம். மேலே ஒட்டியிருக்கும் மஞ்சள், ஆரஞ்சு ரகங்களுக்கு அந்த வேகம் கிடையாது. ஒட்டுக்குக் கீழே தளிர் ஒன்று கிளம்பினால், வேர் அனுப்பும் சத்தை அதுவே முதலில் இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை குனிந்து அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுத் தழும்பு முட்டி மாதிரி புடைத்திருக்கும், பட்டையின் நிறமும் அங்கே மாறும். அதற்குக் கீழே வரும் எந்தத் தளிரும் வேண்டாதது. விரல் நீளம் இருக்கும்போதே கட்டைவிரலால் அழுத்திக் கீழ்நோக்கி ஒடித்துவிட்டால் அடிக்கணுவோடு வந்துவிடும். முற்றவிட்டு மேலாக வெட்டினால் அதே இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும்.

மேல் கிளைகளுக்குள்ளும் போட்டி உண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. வேகமாக ஓடும் கிளையைப் பாதிக்கு மேல் வெட்டுங்கள். மெலிந்த ஆரஞ்சுக் கிளையில் நுனியை மட்டும் கிள்ளுங்கள். பூப்பது புதுத் தளிரில்தான். ஒவ்வொரு பூப்பு அடங்கியதும் இப்படி வெட்டி, கோடைப் பூப்பு முழுதும் ஓய்ந்த ஆடி மாதத்தில் ஒருமுறை ஒட்டவெட்டினால் செடி உருக்குலையாது.

வாங்கும் இடத்திலேயே மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். முதலில், ஒவ்வொரு கிளையையும் கையால் தொட்டுக்கொண்டே மண்வரை இறங்குங்கள். மண்ணிலிருந்து நாலு தண்டு தனித்தனியாக வந்தால் அது ஒட்டுச்செடி இல்லை. நாலு பதியன்களை முறுக்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒட்டின் விலை கொடுக்கத் தேவையில்லை. இரண்டாவது, பூ இருக்கும்போதே வாங்குங்கள், சீட்டில் எழுதியதை நம்ப வேண்டாம். மேரி பால்மர் ரகத்தில் ஒட்டே இல்லாமல் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒரே செடியில் வரும். அதை இரண்டு நிறமாகக் கணக்குக் காட்டுவார்கள். மூன்றாவது, ஒட்டு நாடா தண்டை இறுக்கிப் பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் கிளை காற்றில் முறியும்.

வீட்டுக்கு வந்ததும் இலையும் பூவும் கொட்டும். பத்து நாள் அரைநிழலில் வைத்தால் தேறிவிடும். தொட்டி மாற்றும்போதுதான் நிறையச் செடிகள் சாகின்றன. காகிதப்பூவின் வேர் நூல்போல மெலிந்தது, இழுத்தாலே அறுந்துவிடும். செடி பையில் இருந்தால் பையைப் பிளேடால் கீறி எடுங்கள், மண் உருண்டையை உடைக்காதீர்கள். உருண்டை இறுகிய களிமண்ணாக இருந்தால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்புறம் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் கரைத்துவிடுங்கள். 12 அங்குலத் தொட்டி போதும், அடியில் விரல் நுழையும் அளவுக்கு நாலு துளை வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது இந்தச் செடிக்கு ஆகாது. இலை நுனி லேசாகத் தொய்ந்ததும், அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். வேர் பிடித்த செடியை இப்படிக் காயவிட்டு ஊற்றினால்தான் மொட்டு வரும். புதுக்கன்றை மட்டும் காயப்போடாதீர்கள். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும். ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத பால்கனியில் எந்த உரமும் பூ தராது. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீர் மூன்று நாள் நின்றாலே வேர் அழுகத் தொடங்கும்.

அடுக்குப் பூ மஹாரா ரகம் ஒட்டில் இருந்தால் வேலை கூடும். காய்ந்த பூ தானாக உதிராமல் பழுப்பாகத் தொங்கும், கையால்தான் கிள்ள வேண்டும்.

சுற்றுச்சுவரில் ஏற்ற இந்த ஒட்டுச்செடி சரிப்படாது. தரையில் வேர் ஓடியதும் அடித்தளிரை அடக்க முடியாது. சுவருக்கு ஒற்றை நிறக் கன்றுகளை ஐந்தடி இடைவெளியில் நடுங்கள். செலவு குறைவு, ஒன்று பட்டுப்போனாலும் மற்ற நிறங்கள் நிற்கும்.