மார்க்குக்குப் படித்த பிரெஞ்சும், வாயைத் திறக்க வைத்த ஏ1 வகுப்பும்

கல்லூரியில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், மார்க். நான்கு செமஸ்டரிலும் 90-க்குக் குறையவில்லை. ஆனால் விடைத்தாளில் பாதி ஆங்கிலத்தில்தான் எழுதினோம், யாராவது பிரெஞ்சில் "எந்த ஊர்?" என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அந்த வெட்கத்தில்தான் மூன்றாம் வருடம் சென்னையில் ஒரு மொழி வகுப்பில், சனி ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம், நான்கு மாதம், ஏ1 என்ற ஆரம்ப நிலையில் சேர்ந்தேன். புத்தகத்தோடு 18,000 ரூபாய் ஆனது. இடத்தின் பெயரைப் போடவில்லை. நல்ல டீச்சரை ஒரு ஓட்டை ஸ்பீக்கருக்காகக் காட்டிக்கொடுக்க மனசில்லை.

முதலில் டீச்சர். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டார். காய்கறிக் கடை, ரயில் டிக்கெட், டாக்டரிடம் வயிற்று வலி என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து எழுந்து பேசச் சொல்வார், தப்பாகப் பேசினால் குறுக்கே வரமாட்டார், முடித்த பிறகு நாம் சொன்ன வாக்கியத்தையே சரியாகத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பச்சை மையில் திருத்திக் கொண்டுவருவார். கல்லூரியில் இரண்டு வருடத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன பிரெஞ்சை இங்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் சொல்லி முடித்திருப்பேன்.

குறை என்று பார்த்தால், ஒரு பேட்சில் 22 பேர். பன்னிரண்டு பேர்தான் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்கு வைத்திருப்பதோ உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர், அதற்கு மேல் ஏ.சி. இரைச்சல். பிரெஞ்சில் இதில்தான் மாட்டிக்கொள்வோம். அங்கே போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்கிறார்கள். எண்பது என்பதே அவர்களுக்கு நான்கு இருபது, "கத்ரு வேன்". அதைக் கேட்டதும் நாம் 8 என்று எழுதிவிடுவோம், உடனே பின்னால் "தூஸ்" என்று பன்னிரண்டு வந்து சேரும். எண்பதும் பன்னிரண்டும் 92! அடித்துவிட்டு 9 போடுவதற்குள் அடுத்த இரண்டு இலக்கம் போய்விடும். நாமும் ரொம்பச் சிரிக்க முடியாது, ஒன்பதுக்குப் பத்து மடங்கைத் தொண்ணூறு என்று சொல்கிறவர்கள்தானே நாம்.

எனக்கிருந்த பெரிய வருத்தம் வேறு. வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் புத்தகம், விளக்கக் குறிப்பு, வாட்ஸ்அப் குழு எல்லாமே ஆங்கிலம் வழியாகத்தான். தமிழ் வழியாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். "போன்" என்றால் நல்ல. கடைசியில் மூக்கொலி, வாயும் மூக்கும் சேர்ந்து பாடவேண்டும் என்று படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினார்கள். "நாங்க வரோம்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கடைசி ம்-இல் உதடு ஒட்டாது, காற்று மூக்கு வழியாகப் போய்விடும். அதே ஓசைதான். அப்புறம் இந்த லியேசான். "லே" தனி, "அமி" தனி, ஆனால் நண்பர்கள் என்று சேர்த்துச் சொன்னால் நடுவில் ஆங்கில z மாதிரி ஒரு ஸ் முளைத்து "லேஸாமி" ஆகிவிடும். டீச்சர் இதைச் சொன்னதும் கடைசி வரிசையில் ஒருவன் "சாமியே சரணம்" என்றான். பள்ளியில் புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதா என்ன? பெரியவர்களிடம் "வூ", நண்பர்களிடம் "து" என்பதற்கும் ஒரு பக்க விளக்கம். நீங்கள், நீ என்று எழுதினால் முடிந்தது.

ஆனால் தமிழ் சுத்தமாகக் கைவிடும் இடமும் உண்டு. உயிரில்லாத எல்லாவற்றையும் அஃறிணையில் போட்டு நிம்மதியாக இருந்தோம், இங்கே கார் பெண்பால், முன்னால் "லா" வரும், சைக்கிள் ஆண்பால், அதற்கு "லு". பக்கத்தில் உட்கார்ந்த ஹிந்திப் பெண்ணுக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பதால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அவளும் கிதாப் பெண்பால்தானே என்று புத்தகத்தை "லா லிவ்ரு" என்று எழுதி மாட்டிக்கொண்டாள், அது பவுண்டு என்ற எடையாம், புத்தகம் என்றால் "லு லிவ்ரு". இதற்குக் குறுக்கு வழி கிடையாது, சொல்லோடு சேர்த்து லு, லா என்று உருப்போட வேண்டியதுதான்.

முடிவில் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் ஏ1 எழுதினேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 வாங்கினால் பாஸ், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. எனக்கு மொத்தம் 73. பேசுவதில் 21, கேட்பதில் 12. டீச்சர் வேலையும் ஸ்பீக்கர் வேலையும் அப்படியே மார்க்கில் வந்துவிட்டன.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து தலையை எண்ணிப் பாருங்கள். நான் ஏ2-வுக்கும் அங்கேயே சேர்ந்திருக்கிறேன், அதே டீச்சர். இந்த முறை அரை மணி முன்னாலேயே போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலியில் பையைப் போட்டுவிடுகிறேன்.