புல்வெளியில் மழைநீர் தேங்கினால்: துளையிடுவதா, வடிகுழாய் பதிப்பதா?

முதலில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் இறங்கினால் அடிமண்ணில் பெரிய குறையில்லை. மேல்மண்தான் மிதிபட்டு இறுகியிருக்கும். அதற்குத் துளையிட்டால் போதும்.

மண் ஈரமாக, ஆனால் சொதசொதவென்று இல்லாத நாளில், குழல் போன்ற பற்களுள்ள கருவியால் 7–10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை உருவி எடுக்க வேண்டும். கம்பியால் வெறுமனே குத்தினால் துளையின் சுவர் இன்னும் இறுகும். பிறகு சலித்த மக்கிய உரத்தை அரை செ.மீ. கனத்துக்குப் பரப்பித் துளைகளுக்குள் தள்ளுங்கள். களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலப்பது வீண்வேலை, காய்ந்தால் செங்கல்தான்.

வடிகுழாய்க்குச் செலவும் உழைப்பும் அதிகம். ஆனால் பள்ளத்தில் நாள்கணக்கில் நீர் நின்றால் அதுதான் சரி. 45 செ.மீ. ஆழம், 25 செ.மீ. அகலத்தில் வாய்க்கால் வெட்டி, மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுங்கள். வடிகட்டித் துணி விரித்து, 5 செ.மீ. சரளைக்கல் போட்டு, 4 அங்குலத் துளைக்குழாயைத் துளைகள் கீழ்நோக்கியிருக்கும்படி வையுங்கள். மேலேயும் சரளை நிரப்பி, துணியை மடித்து மூடி, 10–15 செ.மீ. மண் போடுங்கள். துணியை மிச்சம் பிடித்தால் வண்டல் புகுந்து அடைத்துவிடும். நீர் வெளியேறத் தாழ்வான இடம் இல்லையென்றால் தோண்டவே ஆரம்பிக்காதீர்கள்.