பி.ஏ. பொருளாதாரமா, மழலையர் கல்வியா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்ததும் எங்கள் வட்டாரத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் இரண்டு அடிக்கடி மோதிக்கொள்ளும். ஒன்று பி.ஏ. பொருளாதாரம், மற்றொன்று மழலையர் கல்விப் பயிற்சி. நான் நாகர்கோவிலில் முதலாவதைப் படித்தவள். மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சித்தி மகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஆகவே நடுநிலை வேஷம் எனக்கு ஒட்டாது. என் சாய்வு பொருளாதாரத்தின் பக்கம்தான்.

எல்லோரும் கேட்கும் சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடலாம். கட்டணம்? அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் பி.ஏ.வுக்குச் செலவு குறைவு. சுயநிதிப் பிரிவில் கூடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு; தெருமுனைப் பயிற்சி மையத்தின் மாண்டிசோரி சான்றிதழுக்கு அது வராது. கணக்குப் பயம்? புள்ளியியல் வரும், பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறியவர் சமாளித்துவிடலாம். குழந்தைகளைப் பிடிக்கும் என்பதற்கு அண்ணன் மகனைக் கொஞ்சுவதைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். ஜூன் முதல் வாரத்தில் இருபது பிள்ளைகள் ஒரே சுருதியில் அழும் அறைக்குள் அரை நாள் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பொருளாதாரம் வறட்சியான பாடம் என்ற பேச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. முதலாண்டில் ஆசிரியர் கரும்பலகையில் அளிப்புக் கோட்டை, அதாவது விலை ஏற ஏறச் சந்தைக்கு வரும் சரக்கும் கூடும் என்று காட்டும் கோட்டை, வழக்கம்போல் சாய்த்து வரைந்தார். பூச்சந்தை ஊரான தோவாளையிலிருந்து வரும் ஒருத்தி எழுந்து, "சார், விலை இறங்கிவிட்டது என்பதற்காகப் பறித்த பூவைத் திரும்பச் செடியில் வைக்க முடியாதே" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கோட்டை அழித்து, செங்குத்தாக வரைந்தார்: விலை என்னவானாலும் அன்றைய சரக்கு மாறாது. ஓணத்துக்கு முன்பு கேந்தியும் வாடாமல்லியும் ஏன் விலை எகிறுகின்றன, திருவிழா முடிந்த மறுநாள் ஏன் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்பதெல்லாம் அன்று ஒரே கோட்டில் விளங்கிவிட்டது. ரப்பர், முந்திரி, மீன், வளைகுடாப் பணம் என்று எங்கள் மாவட்டத்தில் எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமே இல்லை.

மழலையர் கல்விக்கும் அதன் ஆழம் உண்டு. சித்தி மகளின் கவனிப்புப் பதிவேட்டை ஒருமுறை புரட்டினேன். மூன்று வயதுப் பையன் ஒருவன் குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். எந்தக் கையால், எத்தனை முறை சிந்தினான், சிந்தியதும் யாரைப் பார்த்தான் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாள். 'அடம்', 'சமர்த்து' போன்ற தீர்ப்புகள் எதுவும் அதில் கிடையாது. புள்ளிவிவரம் திரட்டப் போகிற எங்களுக்குக்கூட யாரும் இவ்வளவு பொறுமையைப் பழக்கவில்லை. மாண்டிசோரி என்ற மழலையர் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் அப்படியொரு மரபு இருக்கிறது. அதே பெயரைப் பலகையில் எழுதி மூன்று மாதத்தில் சான்றிதழ் தருபவர்களும் இருக்கிறார்கள்.

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது. படித்த வேலை கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்த வேலை பிடிக்காவிட்டால், கையிலிருக்கும் தாள் வேறு எங்கே செல்லும்? திருமணம், இடமாற்றம், பிள்ளைப்பேறு என்று நடுவில் நின்றுபோக நூறு காரணங்கள் உள்ள வாழ்க்கையில், முதல் வேலையைவிட இந்த மறுவிலைதான் முக்கியம்.

பி.ஏ.வுக்கு மறுவிலை உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கி எழுத்தர், வங்கி அதிகாரி ஆகிய தேர்வுகளுக்கு அடிப்படைத் தகுதி ஒரு பட்டம். எந்தப் பட்டமானாலும் போதும் என்றாலும், இந்தியப் பொருளாதாரம் குரூப் 2 பாடத்திட்டத்திலேயே இருப்பதால் நமக்குக் கொஞ்சம் முன்தொடக்கம். மேலே படிக்க நினைத்தால் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது, பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் உருவாக்கியது, முதுகலைப் பொருளாதாரம் அங்கே உண்டு. குழித்துறையில் ரயில் ஏறினால் சென்னையைவிட எவ்வளவோ பக்கம். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கும் முதுகலைதான் வாசல்.

ஆனால் பொருளாதாரம் படித்து ஆசிரியராகலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பொருளாதாரத்தை வைத்து பி.எட். சேர இளங்கலை போதாது, முதுகலை வேண்டும். மூன்று, இரண்டு, இரண்டு என ஏழு ஆண்டுகள். அதன் பிறகு மேல்நிலைப் பள்ளிப் பணிக்குப் போட்டித் தேர்வு. நட்ட ரப்பர் பால் வெட்டுக்கு வர ஆகும் காலம் அது. மழலையர் பயிற்சியோ ஏத்தன் வாழை; ஓராண்டில் குலை. வீட்டில் உடனே ஒரு சம்பளம் தேவை என்றால் வாழையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் குலைக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்ச்சி போதும். மழலையர் கல்விப் பட்டயம் கேட்பதில்லை. தொடக்கச் சம்பளம் 7,700 ரூபாய். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது இந்தத் துறைக்கு விடிந்துவிட்டது என்றே நினைத்தோம். 2022-இல் அவற்றுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க முடிவானபோது தொகுப்பூதியம் 5,000 ரூபாய். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கான ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மாண்டிசோரி சான்றிதழ் செல்லாது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். தனியார் மழலையர் பள்ளிகளில் சம்பளத்தைவிட "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்ற சொல்தான் தாராளமாகக் கிடைக்கிறது.

இதில் எனக்கு எரிச்சலூட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. 2000-இல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு நடத்தப்பட்ட பெர்ரி மழலையர் பள்ளியின் கணக்கைப் பார்த்தார். அந்தக் குழந்தைகள் நடுவயதை எட்டும்வரை திரட்டிய தகவல்களை வைத்து, அந்த முதலீடு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சமூகத்துக்குத் திருப்பித் தந்ததாக அவரும் உடன் ஆய்வாளர்களும் மதிப்பிட்டார்கள். குழந்தைப் பருவக் கல்வியின் மதிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டியது எங்கள் துறை. ஆனால் லாபம் இருபது ஆண்டு கழித்து ஊருக்கெல்லாம் போகிறது; சம்பளத்தை இந்த மாதமே பெற்றோர் கட்டணத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆசிரியை கையில் ஒன்றும் தங்குவதில்லை.

வளைகுடா நாடுகளின் நர்சரிப் பள்ளிகளில் நிலைமை வேறு என்று சித்தி மகள் வாதிடுவாள். அவளோடு படித்த ஒருத்தி துபாயில் நன்றாக இருக்கிறாளாம். இருக்கலாம், அங்கே வேலை பார்த்த அனுபவம் எனக்கு இல்லை, ஒருத்தியை வைத்துப் பொது விதி எழுதவும் மாட்டேன். சொந்தமாகப் பள்ளி தொடங்கும் எண்ணமும் இடமும் இருப்பவர்களுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், குழந்தை வளர்ச்சியும் அடங்கிய மனித மேம்பாட்டை முழுப் பட்டமாகப் படிப்பவர்களுக்கும் மறுவிலைப் பிரச்சினை இல்லை. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் அனுப்புவார்களா என்பதே அங்கே பிரச்சினை.

சித்தி மகளின் தங்கை இந்த ஆண்டு பிளஸ் டூ. பி.ஏ. பொருளாதாரத்தில் சேரச் சொல்லியிருக்கிறேன். குழந்தைகள் மேல் ஆசை குறையாமல் இருந்தால், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலையர் பராமரிப்பு, கல்விக்கு ஓராண்டுப் பட்டயம் இருக்கிறது. பிளஸ் டூ தகுதி போதும். நேரடி வகுப்பில் ஒன்று, தொலைநிலையில் ஒன்று என இரண்டு படிப்புகளை ஒரே காலத்தில் படிக்க 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிக்கிறது, கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறுதியாண்டில் அதைத் தொடங்கலாம். இல்லை, தெருமுனை மையத்தில்தான் சேருவேன் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் சான்றிதழின் மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் யாருடைய முத்திரை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.