தம்மாமிலிருந்து வந்த கேசட்டுகளும் அவற்றைக் கணினிக்கு மாற்றித் தந்த கடையும்

எங்கள் வீட்டு மர அலமாரியில் பதினொரு கேசட்டுகள் இருந்தன. 1981 முதல் 1988 வரை சவூதி அரேபியாவின் தம்மாமில் குழாய் பொருத்தும் வேலை பார்த்த அப்பா, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பிய பேச்சுக் கடிதங்கள் அவற்றில் உள்ளன. சிலவற்றின் மறுபக்கத்தில் நாங்கள் பேசி அனுப்பிய பதில்கள் உள்ளன; வேலையை விட்டு ஊர் திரும்பியபோது அவற்றையும் அவர் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபாலில் வரும் கடிதத்தை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்த நாட்களில், கணவனும் மனைவியும் நடுவில் ஆளில்லாமல் பேசிக்கொள்வதற்கு அந்தக் கேசட் ஒன்றே வழியாக இருந்தது. அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், நாடா கெட்டுப்போவதற்குள் அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றிவிட வேண்டும் என்று சென்னையிலுள்ள ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு கேசட்டுக்கு 400 ரூபாய் வாங்கினார்கள். வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. முதல் முறை நடந்த பிழை அந்தக் கடைக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை. நான் சொன்ன பிறகு அவர்கள் முகம் சுளிக்காமல் திருத்தியும் தந்தார்கள். ஆகவே கடையின் பெயரை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கைவேலையில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மூன்று கேசட்டுகளில் நாடாவை ஹெட்டின் (நாடாவில் பதிந்த ஒலியைப் படிக்கும் காந்த முனை) மீது அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டோடு ஒட்டி நகராது. குரல் மங்கியும் விட்டுவிட்டும் கேட்கும். அவற்றுக்குப் புதிய துண்டு ஒட்டினார்கள். பெட்டியின் இரு பாதிகளும் திருகாணி இல்லாமல் உருக்கி ஒட்டப்பட்டிருந்த இரண்டு கேசட்டுகளைக் கத்தியால் பிளந்து, உள்ளேயிருந்த நாடாவைத் திருகாணி உள்ள புதிய பெட்டிக்கு மாற்றினார்கள். கடலோர ஈரத்தில் ஒரு கேசட்டின் சுருள்மீது வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைத் தனியாக எடுத்துவைத்துச் சுத்தம் செய்த பிறகே இயந்திரத்தில் போட்டார்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஹெட்டை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அதைவிட என்னைக் கவர்ந்தது ஹெட்டின் சாய்வைச் சரிசெய்த முறை. ஒரு டேப் ரெக்கார்டரில் பதிவான நாடாவை இன்னொன்றில் ஓட்டும்போது, இரண்டின் ஹெட்டுகளும் நாடாவுக்குச் செங்குத்தாக ஒரே கோணத்தில் நிற்காவிட்டால், உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ச, ஸ போன்ற எழுத்துகள் துணிக்கு அடியிலிருந்து வருவதுபோல் மழுங்கிவிடும். கடையிலிருந்த இளைஞர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஹெட்டின் பக்கத்துத் திருகாணியை மெல்லத் திருப்பினார். முதலில் மந்தமாக இருந்த நாடாவின் இரைச்சல் சட்டெனக் கூர்மையாகி, அப்பாவின் பேச்சு மூடிய கதவைத் திறந்ததுபோல் வெளியே வந்தது. பதினொரு கேசட்டுக்கும், பக்கத்துக்குப் பக்கம்கூட, இதை அவர் தனித்தனியாகச் செய்தார். இந்தப் பொறுமைக்கே 400 ரூபாய் தகும்.

ஆனால் பத்து நாள் கழித்துக் கைக்கு வந்த கோப்புகளைக் கேட்டபோது மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் 'சுத்தம்' செய்து கொடுத்திருந்தார்கள். நாடாவின் இரைச்சல் இல்லை. பொத்தான் அழுத்தும் ஓசை இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் கிணற்றடி நிசப்தம். அந்த நிசப்தத்திலிருந்து அப்பாவின் சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து மறைந்தன; சொல்லின் கடைசியில் வரும் மூச்சும் இரைச்சலோடு சேர்ந்து அறுபட்டிருந்தது. 'வர்றேன்' என்பதன் இறுதி தேய்ந்து, 'ழ' வரும் இடங்களில் நீருக்கடியில் குமிழி உடைவதுபோல் ஒரு செயற்கைச் சலசலப்பு கேட்டது. இரைச்சலின் ஒரு சிறு மாதிரியை எடுத்து, அதைப் பதிவு முழுவதிலிருந்தும் கழிக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி இழுத்துவிட்டால் ஏற்படுவது இதுதான். இரைச்சல் தனியாக ஒரு அடுக்கில் இருப்பதில்லை. பேச்சின் மெல்லிய பகுதிகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் முடிந்து கோப்பு மௌனமானதும், "இன்னும் பேசுவாங்களா?" என்று கேட்டுக் காத்திருந்தார்.

கடைக்குத் திரும்பப் போய், எதையும் நீக்காமல் தாருங்கள் என்று கேட்டேன். இளைஞருக்கு முதலில் வியப்பாக இருந்தது. பெரும்பாலானவர்கள் இரைச்சல் இல்லாமல்தான் கேட்கிறார்கள் என்றார். பழைய பாட்டுக் கேசட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு அது பொருந்தலாம். அந்தப் பாட்டின் தெளிவான பதிவு வேறெங்கோ கிடைக்கும். வீட்டில் பேசிப் பதிந்த கேசட்டுக்கு இன்னொரு பிரதி கிடையாது. அதிலே கேட்கும் இயந்திர ஓசைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டுதான் எதை நீக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இரைச்சலையே எடுத்துக்கொள்வோம். பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையில் உருவாகி, 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமான கேசட், முதலில் இசைக்காகச் செய்யப்பட்டதன்று. எளிதில் எடுத்துச் சென்று பேச்சைப் பதிவதற்காகச் செய்யப்பட்டது. அதனால் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு; ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். குறுகிய நாடா மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு நொடியிலும் ஹெட்டைக் கடக்கும் காந்தத் துகள்கள் குறைகின்றன. துகள்கள் குறையக் குறைய அவற்றின் ஒழுங்கின்மை 'ஸ்ஸ்' என்ற சீறலாக மேலெழுகிறது. அந்தச் சீறல் பதிவு முழுவதும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. அப்பாவிடம் இருந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னில் (வானொலியும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த கருவி), பேச்சு நின்றவுடன் ஒலியளவைத் தானாகக் கூட்டும் மின்சுற்று ஒன்று உண்டு. அவர் பேசும்போது அறையின் ஓசை அடங்கியிருக்கும்; அவர் நிறுத்தி யோசிக்கும்போது ஜன்னல் ஏசியின் உறுமல் மெல்ல மெல்லப் பெருகி அறையையே நிரப்பும்; அடுத்த சொல் வந்ததும் பின்வாங்கும். எவ்வளவு நேரம் யோசித்தார், எந்த இடத்தில் தயங்கினார் என்பதையெல்லாம் அந்த ஏற்ற இறக்கமே சொல்கிறது. பாட்டி இறந்த செய்தி கிடைத்த பிறகு அவர் அனுப்பிய கேசட்டில், ஏசியின் ஓசை அப்படி முழு அளவுக்கு எழுந்து நெடுநேரம் நிற்கிறது. முதல் முறை வந்த கோப்பில் அந்த இடம் வெறும் மௌனமாக இருந்தது.

பதிவின் தொடக்கத்தில் 'டக்' என்ற ஓசையோடு குரல் சுருதி வழுக்கிக்கொண்டு வரும். சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்திய கணத்தில் மோட்டார் இன்னும் முழு வேகத்தை எட்டியிருக்காது என்பதே இதற்குக் காரணம். சில கேசட்டுகளில் பேச்சு தொடங்குவதற்கு ஒன்றரை நொடி, இரண்டு நொடிக்கு முன்பே, அதே சொல் மிக மெலிதாக, யாரோ அடுத்த அறையில் சொல்லிப் பார்ப்பதுபோல் கேட்கிறது. பல ஆண்டுகள் இறுகச் சுற்றிக் கிடந்ததால் ஒரு சுற்றின் காந்தப்பதிவு பக்கத்துச் சுற்றிலும் லேசாகப் படிந்ததன் விளைவு அது. 60 நிமிடம் ஓடும் சி-60-ஐ விட மெலிதான, 90 நிமிடம் ஓடும் சி-90 நாடாக்களில் அது கூடுதலாக வருகிறது. எங்கள் நான்கு சி-90 கேசட்டுகளிலும் அது இருக்கிறது. இதை நீக்கியே ஆக வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். எனக்கு அது தொந்தரவாக இல்லை.

மின்சாரத்தின் ரீங்காரம்தான் இந்த வேலையில் நான் புதிதாகக் கற்றுக்கொண்ட செய்தி. மின்இணைப்பில் ஓடிய டேப் ரெக்கார்டரின் பதிவில் அந்த ஊர் மின்சாரத்தின் அலைவெண்ணும் அதன் மடங்குகளும் அடியில் படிந்திருக்கும். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. சவூதியில் 60 ஹெர்ட்ஸ். ஆகவே அப்பா பேசிய பக்கமும் நாங்கள் பேசிய பக்கமும் இருவேறு சுருதியில் முனகுகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஆறுக்கு ஐந்து. கர்நாடக இசையின் சுரங்களில் சொன்னால், எங்கள் வீட்டு முனகலை ஷட்ஜமாக வைத்தால் தம்மாம் 'சாதாரண காந்தாரம்' என்ற சுரத்தில் நிற்கிறது. கேசட்டின் மேல் ஒட்டிய தாள் உரிந்துபோன இடங்களிலும், எந்தப் பக்கம் எந்த நாட்டில் பதிவானது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு இப்போது என்னால் சொல்ல முடியும்.

முதல் முறை நடந்த பெரிய பிழையும் இங்கேதான். இந்தியாவில் பதிவான கேசட்டுகளுக்கென அமைத்துவைத்திருந்த வடிகட்டியை எல்லாக் கேசட்டுக்கும் போட்டிருந்தார்கள். அது 50, 100, 150 என்ற அலைவெண்களை வெட்டியது. 60-இலும் 120-இலும் இருந்த தம்மாம் ரீங்காரத்தை அப்படியே விட்டுவிட்டது. ஆண்குரலின் அடிநாதம் பெரும்பாலும் 100-க்கும் 150-க்கும் இடையில் அமைவதால், நீங்க வேண்டியது நீங்காமல், அப்பாவின் குரலின் கனம் மட்டும் குறைந்துபோயிற்று. நான் இதை விளக்கியபோது அந்த இளைஞர் கணினித் திரையில் பதிவை விரித்து, 60-இல் நேர்கோடாக ஓடிய ஒளிக்கீற்றைப் பார்த்துவிட்டு, "நான் இத பாக்கவே இல்ல சார்" என்று நேர்மையாகச் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்த வேலை என் எதிர்பார்ப்பைத் தாண்டியது. அந்த ரீங்காரத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு வேகத்தைத் திருத்தினார். ரீங்காரம் 60-இல் இருக்க வேண்டிய இடத்தில் 62-க்கு அருகில் இருந்தால், பதிவு செய்த இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது, ஆகவே இப்போது குரல் வேகமாகவும் மெலிதாகவும் கேட்கிறது என்று பொருள். கோடு 60-க்கு வரும்வரை வேகத்தைக் குறைத்தால் குரல் தன் இடத்தில் வந்து உட்காரும். ரீங்காரத்தை முதலில் நீக்கிவிட்டால் இந்த அளவுகோலும் போய்விடும். பேட்டரியில் பதிவான இரண்டு பக்கங்களில் மட்டும் இது கைகொடுக்கவில்லை. பேட்டரி தளரத் தளர மோட்டார் வேகம் குறைந்திருப்பதால், கடிதத்தின் முடிவை நெருங்க நெருங்க அப்பாவின் குரல் சிறுவனின் குரலாகிக்கொண்டே போயிற்று. அந்த இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெவ்வேறு வேகங்களில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, அவர் தலையசைத்த வேகத்தைக் குறித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

கோப்பு வடிவம் பற்றியும் ஒரு சொல். முதலில் எம்பி3 கோப்புகளை மட்டும் தந்தார்கள். கைபேசியில் கேட்பதற்கு அது போதும். காப்பகப் பிரதியாக அது போதாது. ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்கப்படாத கோப்பாக வைக்கும்படி பரிந்துரைக்கிறது. எங்களுடைய ஏழு சி-60, நான்கு சி-90 கேசட்டுகள் சேர்ந்து 13 மணி நேரம். அந்த அளவில் ஏறக்குறைய 13.5 ஜிபி ஆகிறது. ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். கேசட்டுகளைக் கொடுக்கும்போதே, சுருக்கப்படாத வடிவமான வேவ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எதையும் நீக்காத பிரதி ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டில் பதிவானவை எவை என்று எழுதிக் கொடுங்கள். மாற்றிய பிறகு கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் பாதுகாத்து வைத்திருந்ததால்தான் இரண்டாம் முறை சாத்தியமாயிற்று.

என் அண்ணன் மகன் இப்போது கத்தாரில் இருக்கிறான். நாள்தோறும் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிந்து அனுப்புகிறான். அப்பாவின் கேசட் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும், இவன் குரல் நொடியில் வருகிறது. அம்மாவுக்கு அதில் இருக்கும் நிம்மதியை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் கைபேசியே பின்னணி ஓசையை வடிகட்டி அனுப்புவதால், அவன் அறையில் பேசுகிறானா, தெருவில் நடந்துகொண்டே பேசுகிறானா என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் "எங்க இருந்துய்யா பேசுற?" என்று திருப்பிக் கேட்கிறார். அப்பாவின் கேசட்டைக் கேட்டுவிட்டு அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அண்ணன் மகன் அனுப்பும் குரல்பதிவுகளையும் நான் இப்போது மாதம் ஒருமுறை கணினியில் எடுத்துவைக்கிறேன்.

இரண்டாம் முறைக்குக் கடையில் கூடுதல் பணம் கேட்கவில்லை. மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாக, பொத்தான் அழுத்தும் முதல் ஓசையிலிருந்து கடைசி ஓசை வரை வெட்டாமல் கொடுத்திருக்கிறார்கள். வேலையை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இது மிக நல்ல கடை.

கோப்புகள் வந்த அன்று மாலையில் 1984-ஆம் ஆண்டுக் கேசட்டை அம்மாவுக்குப் போட்டேன். ஏசியின் உறுமலுக்கு நடுவே அப்பா எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்து முடித்தார். பொத்தான் 'டக்' என்று எழும்பியது. அம்மா கண்ணைத் திறந்து, "திருப்பிப் போடு" என்றார்.