போலீஸ் சம்பளத்தை ஒப்பிட உலக வங்கியின் பிபிபி தரவு: எவ்வளவு தூரம் நம்பலாம்?

இலவசம், பதிவு செய்ய வேண்டாம், எக்செல்லில் இறக்கிக்கொள்ளலாம். நாட்டுக்கு நாடு போலீஸ் சம்பளத்தின் வாங்கும் சக்தியைப் பார்க்க, வாசகர்கள் தாங்களே விலை பதியும் தளங்களைவிட உலக வங்கியின் தரவுத்தளம் எவ்வளவோ மேல். ஆனால் பிபிபி (வாங்கும் சக்திச் சமநிலை, அதாவது அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்குவதை உள்நாட்டில் வாங்க எவ்வளவு பணம் வேண்டும் என்ற கணக்கு) என்று தேடினால் இரண்டு மாற்று விகிதங்கள் வந்து நிற்கும்: ஜிடிபிக்கு (மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு) ஒன்று, குடும்பச் செலவுக்கு ஒன்று. சம்பளத்துக்குப் பொருந்துவது இரண்டாவது. முதலாவதில் பாலம், இயந்திரம், அரசுச் செலவு எல்லாம் கலந்திருக்கும். செய்திகளில் அடிபடுவது அதுதான் என்பதால் பலரும் அதையே எடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பிரபலமான விகிதத்தையே வைத்துப் பார்ப்போம். டெல்லி போலீஸ் கான்ஸ்டபிளின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், ஆண்டுக்கு 2,60,400. பிபிபியைக் கணக்கிட நாடுகளின் விலைகளைத் திரட்டும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017 சுற்று அறிக்கைப்படி சந்தையில் டாலருக்கு 65.12 ரூபாய், பிபிபி 20.65. சந்தை விகிதத்தில் சுமார் 4,000 டாலர், பிபிபியில் 12,610. மூன்று மடங்கு! வகுக்க வேண்டியது ரூபாயை. ஏற்கெனவே டாலராக்கிய தொகையை மறுபடி 20.65ஆல் வகுத்தால் ஆண்டுச் சம்பளம் 194 டாலர் என்று வந்து நிற்கும். இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

விகிதம் சரியாக இருந்தும் கணக்கு கெடுவது சம்பளப் பக்கத்தில். 2017க்கும் 2024க்கும் இடையே அந்த 21,700 மாறவே இல்லை. அகவிலைப்படி மட்டும் 2017 ஜூலையில் 5 சதவீதம், 2024 ஜனவரியில் 50. இங்கிலாந்து-வேல்ஸில் 2024 செப்டம்பர் தொடக்கச் சம்பளம் 29,907 பவுண்டு. அங்கே விலைவாசிக்கென்று தனிப்படி இல்லை, ஆண்டு உயர்வு சம்பளத்திலேயே சேர்ந்துவிடும். ஆகவே வெறும் அடிப்படையை அதன் பக்கத்தில் வைப்பது அநியாயம். பவுண்டுத் தொகையிலும் வரி போக, ஓய்வூதியப் பிடித்தமே 13 சதவீதத்துக்கு மேல். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை சொல்லும் 77,270 டாலர் (2024 மே) தொடக்கச் சம்பளமே அல்ல, துப்பறிவாளர்களையும் சேர்த்த இடைநிலைத் தொகை (பாதிப் பேர் அதற்கு மேலும், பாதிப் பேர் கீழும் வாங்குவார்கள்).

காவலர் குடியிருப்பு கிடைத்தவருக்கு வீட்டு வாடகைப்படி வராது. சம்பளப் பட்டியலில் அவர் ஏழையாகத் தெரிவார், செலவிலோ வாடகையே இருக்காது. பிபிபிக்கு இது தெரியாது.

வேலை நேரமும் தெரியாது. 12,610 டாலரை மாதத்துக்கு 26 நாள், தினம் 8 மணி என்று பிரித்தால் மணிக்கு 5 டாலர். இந்தியக் காவலர்கள் சராசரியாக 14 மணி நேரம் உழைப்பதாக 2019இன் காவல் நிலை ஆய்வறிக்கை சொல்கிறது. அப்படியானால் மணிக்கு 2.90தான். இங்கிலாந்தில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றேகால் பங்குக்கும் சற்று மேலாகவே கூலி உண்டு.

இன்னொரு குறை, விகிதம் நாட்டுக்கு ஒன்றுதான். பெருநகர வாடகையும் சிற்றூர் வாடகையும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடும். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக் கட்டணம் போன்ற செலவுகளுக்கு பிபிபியைத் தொடவே வேண்டாம். அங்கே சந்தை விகிதம்தான் பேசும்.