வீட்டில் படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்க ஆள் எடுப்பது: கோண்டாவிலிலிருந்து சில வருஷ அனுபவம்

2021 இல் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமல் போனது. அன்றிலிருந்து யாழ்ப்பாணத்தில் கிடைக்கிற வீட்டுப் பராமரிப்புச் சேவைகளைப் பாவித்து வருகிறோம். அண்ணாமார் இருவரும் வெளிநாட்டில். நான் காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டியவள். கோண்டாவில், கொக்குவில், நல்லூர்ப் பக்கம் எங்களைப் போல எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு முகவர் நிலையத்தின் மூலம் பகலுக்கும் இரவுக்கும் ஆள் எடுத்தோம். காசு கட்டினால் ஆள் வரும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. ஒரு பிள்ளை அம்மாவை எழுப்பும்போது வழங்காத கையைப் பிடித்து இழுத்தாள். பாரிசவாதம் வந்த பக்கத்துத் தோளில் தசை தளர்ந்திருக்கும். அப்படி இழுத்தால் மூட்டு விலகும். எங்களுக்கும் அது பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரியும். முகவர் நிலையத்துக்கு அழைத்துச் சொன்னால், "வேற ஆள் அனுப்புறம்" என்பார்கள். ஆள் மாற மாற அம்மா பயந்து போனா. தன் உடம்பைத் தொடுகிறவரின் முகம் அடிக்கடி மாறினால் யாருக்குத்தான் பயம் வராது? கடைசியாக வந்த இரவு ஆள் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவேயில்லை. இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்தது. அந்தப் புண்ணைப் பார்க்கக்கூட அந்த நிலையத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எனக்கு இப்பவும் அது ஆறாத கோபம்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். பகலுக்கு ஒரு பிள்ளையை நேரடியாகச் சம்பளத்துக்கு எடுத்தோம். அவளுக்கு மேலே பொறுப்பாக ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி) ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை வருகிறார். எங்கள் வீட்டில் எல்லாம் நேரானது அவர் வந்த பிறகுதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்ட வேண்டும், புரட்டிய நேரத்தைக் கொப்பியில் எழுத வேண்டும் என்றார். சாப்பாட்டுக்கு நிமிர்த்தி இருத்தி, முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். தண்ணீர்தான் விழுங்க லேசு என்று நினைப்போம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் புரையேறுவது பெரும்பாலும் தண்ணீரில்தான், அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இப்போது அம்மாவுக்குக் கட்டியான கஞ்சியும் குரக்கன் கூழும்தான். அந்தப் பிள்ளை "அம்மம்மா, இந்தப் பக்கம் திரும்புவமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். அந்தக் கேள்விக்காகவே அவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம்.

சாமான்களில் எங்களுக்கு மிகவும் உதவியது, படுக்கைப் புண் வராமலிருக்க மின்சாரப் பம்ப் வைத்துக் காற்றடிக்கிற காற்று மெத்தை. அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது ஞாபகமிருக்கும். பம்ப் நின்றால் காற்று இறங்கி, ஆள் கட்டில் பலகையில் கிடக்க வேண்டியதுதான். காற்று வெளியேறாமல் குழாயை அடைக்க மூடி இருக்கிற மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். கட்டிலையும் சக்கர நாற்காலியையும் வாடகைக்கு எடுத்தாலே போதும்.

அரசாங்கப் பக்கம் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 60 வயது தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு, கிராம சேவையாளரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். வருமானம் குறைந்த, 70 வயது கடந்தவர்களுக்கான கொடுப்பனவு 2025 இல் 5000 ரூபாவானது. படுக்கையில் இருப்பவருக்கு ஒரு மாதப் பம்பஸ் செலவுக்கே அது காணாது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகள் பார்க்காவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். பார்க்க மனமிருந்தும் ஆளில்லாத குடும்பத்துக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? ஆதரவற்றவர்களுக்குக் கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. எங்கள் அம்மா போன்றவர்களுக்கு வேண்டியது வீட்டுக்கு வந்து மேற்பார்வை செய்கிற தாதி.

எங்களிடம் முன்பு இருந்த ஒரு பிள்ளை பராமரிப்புப் பயிற்சியில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுத்து இஸ்ரேலுக்குப் போய்விட்டாள். அங்கே கிடைக்கிற சம்பளத்தை நாங்கள் நினைத்தும் பார்க்க முடியாது, போனது சரிதான். இருக்கிற பிள்ளையை வைத்திருக்க வேண்டுமென்றால் ஓய்வும் மரியாதையும் கொடுக்க வேண்டும். அண்ணாமார் காசு அனுப்பும்போது, அவளுடைய லீவு நாளுக்கான செலவையும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டேன்.

முகவர் நிலையத்துக்குப் போகிறவர்கள் சம்பளம் பேசுவதற்கு முன், அனுப்புகிற ஆளின் வேலையை யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை நாளைக்கு ஒருக்கால் என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லாவிட்டால் மிஸ்ஸி ஒருவரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இன்னும் சரிவராதது ஞாயிற்றுக்கிழமைதான். ஒரே ஒரு நாளைக்குப் பழக்கப்பட்ட மாற்றாளைத் தருகிற இடம் கிடைக்கவில்லை. சின்னம்மாதான் வந்து உதவுகிறா, அவவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் யாராவது அப்படியொரு சேவையைத் தொடங்கினால் முதல் ஆளாக நாங்கள் பதிவோம்.